வேண்டாம் என்றால் வேண்டாம்தான்

சிவநேசனிடம் யாராவது வேண்டாம் என்று சொன்னால் அது வேண்டாம்தான். மறுபேச்சே கிடையாது. வீட்டுக்கு வந்தவரிடம் தண்ணீர் குடிக்கிறீர்களா என்று கேட்பார். பரவாயில்லை, வேண்டாம் என்று வந்தவர் நெளிந்தால், சரி என்று சொல்லிவிட்டு எதிரே வசதியாக உட்கார்ந்துகொள்வார். வந்தவரோ கார் நிறுத்த இடம் தேடி வெயிலில் பிரிக்ஃபீல்ட்ஸ் வட்டாரம் முழுக்கச் சுற்றிவிட்டு வந்திருப்பார். தொண்டை வறண்டு கிடக்கும். அதைப் பற்றி சிவநேசனுக்குக் கவலையில்லை. வேண்டாம் என்றது அவர்தானே.

கஞ்சத்தனம் என்று நினைத்துவிடக் கூடாது. அப்படி நினைத்த சொந்தக்காரர்களும் உண்டு. பாவம், அவர்களுக்கு விஷயம் தெரியாது. கஞ்சனாக இருந்திருந்தால் கொஞ்சம் கொஞ்சமாகத் திருத்தியிருக்கலாம். சிவநேசன் கொள்கைக்காரர். கொள்கைக்காரரை யார் திருத்துவது?

அவர் பெட்டாலிங் ஜெயாவில் ஒரு தனியார் கல்லூரியில் பொருளாதாரம் கற்பித்து ஓய்வு பெற்றவர். பொருளாதாரத்திலும் அவர் மனத்தைப் பறிகொடுத்தது கேம் தியரி என்கிற ஒரு மூலையிடம். பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டியதில்லை. நான் என்ன செய்வேன் என்பது, நீ என்ன செய்வாய் என்று நான் நினைப்பதைப் பொறுத்தது. நீ என்ன செய்வாய் என்பதோ, நான் என்ன செய்வேன் என்று நீ நினைப்பதைப் பொறுத்தது. இதைக் கட்டம் போட்டு எழுதினால் கேம் தியரி. கட்டம் போடாமல் செய்தால் குடும்பம்.

சிவநேசன் எதைப் பார்த்தாலும் கட்டம் போட்டுத்தான் பார்ப்பார். ஞாயிற்றுக்கிழமைகளில் அவருடைய அடுக்குமாடிக்குக் கீழே ஒருவன் இரண்டாம் வரிசையில் காரை நிறுத்துவான். அவனே நிறுத்திவிட்டானே என்று அடுத்தவன் நிறுத்துவான். கடைசியில் ஒருவராலும் வெளியே எடுக்க முடியாமல் எல்லோரும் ஹாரன் அடிப்பார்கள். ‘இதில் யாரும் கெட்டவன் இல்லை, ஒவ்வொருவனும் மற்றவனைப் பார்த்துத்தான் செய்கிறான்’ என்று மாடியிலிருந்து விளக்கம் கொடுப்பார். அவர் மனைவி சீதாலெட்சுமி துணி காயப்போட்டபடியே கேட்டுக்கொள்வாள். ஒரு மாலை, தட்டில் மிஞ்சும் கடைசி வடையை விருந்தாளிகள் யாருமே ஏன் எடுப்பதில்லை என்று வெகுநேரம் பேசினார். பேசி முடித்துக் குனிந்து பார்த்தபோது தட்டில் வடை இல்லை. சீதா மென்றுகொண்டிருந்தாள்.

வேண்டாம் விவகாரம் கல்யாணமான புதிதில் ஆரம்பித்தது. கிள்ளானில் சீதாவின் சொந்தக்காரர் வீடுகளுக்கு விருந்துக்குப் போனார்கள். ஒவ்வொரு வீட்டிலும் ஒரே நாடகம். சாப்பிடுங்க என்பார்கள். வேணாம் என்று சொல்ல வேண்டும். அட, கொஞ்சமாவது என்பார்கள். ஐயோ, இப்பதான் சாப்பிட்டோம் என்று சொல்ல வேண்டும். அதற்குமேல் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தால்தான் உட்கார வேண்டும். இத்தனைக்கும் இலை ஏற்கெனவே போட்டிருக்கும். சிவநேசனுக்குப் பசியில் கோபம் வந்தது. திரும்பி வரும்போது ரயிலிலேயே சீதாவுக்குப் பாடம் நடத்தினார். செலவில்லாமல் சொல்கிற வார்த்தைக்கு மதிப்பில்லை. வேண்டாம் என்று சொல்ல ஒருவனுக்கு ஒன்றும் செலவாகவில்லை என்றால் அவன் சொல்லிக்கொண்டேதான் இருப்பான். ஆனால் அந்த வேண்டாமை அப்படியே எடுத்துக்கொள்கிற ஒரு வீடு இருந்தால், அந்த வீட்டில் மட்டுமாவது மனிதர்கள் உண்மையைச் சொல்லப் பழகிக்கொள்வார்கள். நம் வீடு அப்படி இருக்கட்டும் என்றார்.

சீதா வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். பிறகு சொன்னாள்: “மொதல் தடவ கேட்டா யாரா இருந்தாலும் வேணாம்னுதாங்க சொல்லுவாங்க. ரெண்டாவது தடவ கேக்குறதுக்குத்தானே சொந்தக்காரங்க இருக்காங்க.”

இது வாதமில்லை, வெறும் பழக்கம் என்று சிவநேசன் தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

கொள்கைக்கு முதலில் பலியானவர் ஜெயராஜ். சீதாவின் தங்கை லோகேஸ்வரியின் கணவர். துறைமுகத்தில் கண்டெய்னர் லோரி ஓட்டுபவர், கிள்ளானை ஒட்டிய பண்டமாரானில் வீடு. ஒருநாள் மதியம் ஏதோ சாமானைக் கொடுத்துவிட்டுப் போக வந்தார். சீதா கோயிலுக்குப் போயிருந்தாள். அடுப்பில் ஆட்டுக்கறி வாசனை. சாப்பிடுகிறாயா என்று சிவநேசன் கேட்டார். “வேணாம்ணே, இருக்கட்டும்” என்றார் ஜெயராஜ். சரி என்ற சிவநேசன் தன் தட்டில் மட்டும் போட்டுக்கொண்டு வந்து, அவர் எதிரிலேயே உட்கார்ந்து சாப்பிட்டபடி நாட்டு நடப்புப் பேசினார். காலையிலிருந்து வெறும் வயிற்றோடு லோரி ஓட்டிய மனிதர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுக் கீழே இறங்கி, மாமாக் கடை என்கிற முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில் ரொட்டி சானாய் தின்றார். கோயிலிலிருந்து திரும்பி வந்த சீதா அதைப் பார்த்துவிட்டாள். அன்றைக்கு அந்த வீட்டில் சட்டி பானைகள்தான் பேசின, அவள் பேசவில்லை.

ஆனால் அடுத்த தடவை ஜெயராஜ் வந்தபோது செருப்பைக் கழற்றும்போதே, “பசிக்குதுண்ணே, சாப்பிடுறேன்” என்றாரே பார்க்கலாம். சிவநேசனுக்கு வந்த சந்தோஷத்துக்கு அளவே இல்லை. கோட்பாடு வேலை செய்துவிட்டது. வருடங்கள் போகப் போகக் குடும்பம் மொத்தமும் கற்றுக்கொண்டது. மாமா வீட்டுல வேணாம்னு சொன்னா பட்டினிதான் லா என்று சிரித்துச் சிரித்துச் சின்னவர்களுக்கும் சொல்லிக்கொடுத்தார்கள். சிவநேசன் இதை வகுப்பில் உதாரணமாகவே வைத்துக்கொண்டார். ஒரு முறை கேரன் என்ற மாணவி எழுந்து ஒரு சந்தேகம் கேட்டாள். உங்கள் சொந்தக்காரர்கள் இப்போது உங்கள் வார்த்தையையும் அப்படியே நம்புவார்கள் அல்லவா சார், என்றைக்காவது நீங்களே மரியாதைக்காக வேண்டாம் என்று சொல்லும்படி வந்தால் என்ன செய்வீர்கள் என்றாள். வகுப்பு சிரித்தது. சிவநேசனும் சிரித்தார். நான் ஏன் அப்படிச் சொல்லப்போகிறேன் என்றார்.

ஒரே ஒரு விஷயத்தை மட்டும் அவர் வகுப்பில் சொன்னதில்லை. மறைத்தார் என்று சொல்ல முடியாது. அவர் அதைக் கவனிக்கவே இல்லை. தினமும் மாலையில் சீதா காப்பி வேண்டுமா என்று கேட்பாள். வயிற்றெரிச்சல், வேண்டாம் என்பார். கொஞ்ச நேரம் கழித்து அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் இருக்கும் குட்டி மேசையில் ஒரு தம்ளர் காப்பி வந்து உட்கார்ந்திருக்கும். சிவநேசன் பேப்பரைப் பார்த்துக்கொண்டே அதைக் குடித்துவிடுவார். சீதா வந்து தம்ளரை எடுத்துப்போவாள். இரண்டு பேரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

இந்த வருடம் பங்குனியில் சீதா போய்விட்டாள். காய்கறி வாங்கப் பாசாருக்குப் போய் வந்தவள் கீரைக்கட்டை மேசையில் வைத்துவிட்டு, மூச்சு வாங்குது என்று உட்கார்ந்தாள். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. பிள்ளைகள் இல்லாத வீடு. ஜெயராஜ்தான் ஓடியாடி எல்லாக் காரியத்தையும் செய்தார். சிவநேசன் ஒரு மூலையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். அழவில்லை. அண்ணன் ரொம்பத் தைரியமானவர் என்று எல்லோரும் சொன்னார்கள்.

கருமாதி முடிந்த சாயங்காலம் லோகேஸ்வரி கைப்பையை மாட்டிக்கொண்டு அவர் முன்னால் வந்து நின்றாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

“மாமா, நம்ம வீட்டுல வந்து கொஞ்ச நாளைக்கு இருங்களேன்.”

“வேணாம்மா” என்றார் சிவநேசன்.

அவள் தன் கணவரைத் திரும்பிப் பார்த்தாள். ஜெயராஜ் தாழ்ந்த குரலில், மிகுந்த மரியாதையோடு சொன்னார்: “அண்ணன் வேணாம்னா வேணாம்தான் லோகேஸ். தொந்தரவு பண்ணாத.”

அவர்கள் செருப்பு மாட்டினார்கள். சிவநேசன் கதவருகே நின்று எதற்கோ காத்திருந்தார். எதற்கென்று அவருக்கே தெரியவில்லை. லிஃப்ட் கதவு மூடி, மேலே இருந்த சிவப்பு எண் ஒவ்வொன்றாகக் குறையத் தொடங்கியதும்தான் தெரிந்தது. அவருக்குப் பண்டமாரானுக்குப் போக வேண்டும்போல் இருந்தது.

வாயைத் திறந்து வருகிறேன் என்று சொல்லியிருக்கலாமே என்று நாம் கேட்கலாம். நமக்கென்ன, நம் வீட்டிலா சாவு விழுந்தது? ஒருவர் கூப்பிட்ட உடனே பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்ப அவரால் முடியவில்லை. கூப்பிட்டது உண்மையிலேயே கூப்பிட்டதுதானா, இல்லை, கூப்பிட வேண்டுமே என்று கூப்பிட்டதா? அவருக்கு அது தெரிந்தாக வேண்டியிருந்தது. அவருக்கு வேண்டியது சோறும் இடமும் இல்லை. அவருடைய வேண்டாமை ஒதுக்கித் தள்ளிவிட்டு உள்ளே வர ஓர் ஆள் வேண்டும். வாழ்நாள் முழுக்க அவர் மற்றவர்களுக்குச் செய்யாத காரியம் அது. அதை அவர்கள் தனக்குச் செய்ய வேண்டும் என்று எதிர்பார்த்தார். அநியாயம்தான். துக்கத்தில் இருப்பவரிடம் நியாயம் பேசி என்ன ஆகப்போகிறது.

அதன் பிறகு வந்த மாதங்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. அதுதான் அந்த மாதங்களின் கொடுமை. காலையில் பசியாற மாமாக் கடை, மதியம் ரைஸ் குக்கர், இரவு மதியத்தின் மிச்சம். ஒரு ஞாயிற்றுக்கிழமை கீழே இரண்டாம் வரிசையில் கார்கள் சேர்வதைப் பார்த்து, ‘சீதா, இங்க வந்து பாரேன்’ என்று கூப்பிட்டேவிட்டார். துணி காயப்போடும் கம்பியில் அவருடைய சட்டை மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. அன்றிலிருந்து ஞாயிறுகளில் மாடிப் பக்கம் போவதை விட்டுவிட்டார். லோகேஸ்வரி அவ்வப்போது போன் செய்வாள். ஏதாவது வேண்டுமா என்பாள். ஒன்றும் வேண்டாம் என்பார். பேச்சைச் சுருக்கமாக முடித்துக்கொள்வார். அக்கா தங்கை இருவருக்கும் போனில் ஒரே குரல். அதைக் கேட்டுக்கொண்டிருக்க அவரால் முடியவில்லை.

தீபாவளி வந்தது. சாவு விழுந்த வீட்டில் அந்த வருடம் தீபாவளி கிடையாது. எண்ணெய்ச் சட்டி வைக்க மாட்டார்கள். அப்படிப்பட்ட வீட்டுக்குச் சொந்தக்காரர்கள்தான் பலகாரம் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, கொஞ்ச நேரம் கூட உட்கார்ந்துவிட்டு வர வேண்டும். சீதா இருந்தவரை இதில் அவள்தான் முதல் ஆள். யார் வீட்டில் துக்கம் என்றாலும் பிஸ்கட் டின்னில் முறுக்கும் நெய் உருண்டையும் அடுக்கிக்கொண்டு, தெலுக் பங்லிமா காராங் என்றாலும் பஸ் பிடித்துப் போய்விடுவாள். அவர்களே வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களே என்று சிவநேசன் கேட்டால், அவங்க அப்படித்தான் சொல்லுவாங்க என்று சேலை மடிப்பைச் சரி செய்துகொண்டு கிளம்பிவிடுவாள்.

தீபாவளிக்குக் கொஞ்ச நாள் முன்பு லோகேஸ்வரி போன் செய்தாள். “மாமா, தீபாவளியன்னைக்கு நாங்க பலகாரம் எடுத்துக்கிட்டு வரலாமா?”

“வேணாம்மா. ஒனக்கெதுக்கு அலைச்சல்?”

சொல்லிவிட்டுப் போனைக் காதில் இறுக்கி வைத்துக்கொண்டு நின்றார். மறுபக்கத்தில் அவள் மூச்சு விடுவது கேட்டது.

“சரி மாமா. ஒடம்பப் பாத்துக்குங்க” என்றாள்.

அவள் வருவாள் என்று சிவநேசன் முடிவு செய்தார். மனத்துக்குள் கட்டம் போட்டுப் பார்த்தார். நான் உண்மையிலேயே வேண்டாம் என்று சொல்லியிருந்து அவள் வந்துவிட்டால் எனக்குக் கொஞ்சம் எரிச்சல், அவ்வளவுதான். நான் உள்ளுக்குள் ஆசைப்பட்டு, அவள் வராமல் போனால் அது பெரிய நஷ்டம். இந்த இரண்டையும் எடைபோடத் தெரிந்த எவளும் வரத்தான் செய்வாள். எந்தப் பக்கத்திலிருந்து போட்டாலும் வருவாள் என்றே விடை வந்தது. வேண்டிய விடை வரும்வரை போட்டுக்கொண்டே இருந்தால் வராமல் எங்கே போகும்?

தீபாவளியன்று காலையில் எழுந்து குளித்து வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டார். வீட்டைத் துடைத்தார். விருந்தாளிகளுக்கென்று சீதா எடுத்து வைத்திருந்த கண்ணாடித் தம்ளர்களை இறக்கிக் கழுவி மேசையில் கவிழ்த்து வைத்தார். ஆரஞ்சுச் சிரப் ஒரு பாட்டில் வாங்கி வைத்திருந்தார். மரக்கதவைத் திறந்து விட்டு, இரும்புக் கிரில்லை மட்டும் பூட்டிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். அங்கிருந்து பார்த்தால் நடைபாதையும் லிஃப்டும் தெரியும்.

வாசல்களில் கலர் அரிசிக் கோலம், கோலத்தை மிதித்துவிடாமல் ஓரமாகக் குவிந்த செருப்புகள், எங்கேயோ கறி தாளிக்கும் மணம், கீழே தெருவில் வெடிச் சத்தம். லிஃப்ட் மணி அடிக்கும்போதெல்லாம் சிவநேசன் பேப்பரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார். காத்திருப்பது தெரிந்துவிடக் கூடாது. புதுத்துணி போட்ட ஒரு குடும்பம் வந்து கோடி வீட்டுக்குள் நுழைந்தது. அடுத்த முறை, தட்டில் பலகாரம் ஏந்திய ஒரு பெண் அவர் வாசலைத் தாண்டிப் போனாள். அவர் வீட்டு வாசலில் கோலம் இல்லாததைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டு போனவர்களும் உண்டு. வெயில் நடைபாதையின் பாதிவரை வந்து, பிறகு பின்வாங்கியது.

மதியம் தாண்டியதும் அவர் தன்னைத் தானே தேற்றிக்கொள்ள ஆரம்பித்தார். இதற்கும் ஒரு கோட்பாடு இருக்கிறது, வகுப்பில் எத்தனையோ தடவை நடத்தியிருக்கிறார். யாராவது ஒருவர் செய்தால் போதும் என்கிற வேலையை, ஆட்கள் கூடக் கூட யாருமே செய்ய மாட்டார்கள். வேறு யாராவது செய்திருப்பார்கள் என்று ஒவ்வொருவரும் நினைப்பார்கள். தெலுக் பங்லிமா காராங்கில் இருக்கும் தன் பக்கத்து ஆட்கள், சீதா பக்கத்து ஆட்கள் போயிருப்பார்கள் என்று நினைத்திருப்பார்கள். கிள்ளானில் இருப்பவர்கள் நேர்மாறாக நினைத்திருப்பார்கள். யார் மீதும் தப்பில்லை. சொந்தம் அதிகமாக இருப்பதுதான் காரணம். நினைக்க நினைக்க அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது.

அப்போது லிஃப்ட் மணி அடித்து மகதலேனா வந்தாள். எதிர்வீட்டுக்காரி. ஆஸ்பத்திரியில் தாதியாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். மாடியில் எல்லோரும் அவளைச் சிஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். யார் வீட்டுத் தீபாவளிக்கோ போய்விட்டு, கையில் ஒரு தூக்கோடு திரும்பி வந்திருந்தாள். கிரில்லுக்கு அந்தப் பக்கம் நின்றாள்.

“அண்ணே, ஃபிரெண்டு வீட்டுல பிரியாணி கட்டிக் குடுத்தாங்க. கொஞ்சம் எடுத்து வைக்கட்டா?”

“வேணாம் சிஸ்டர்.”

சத்தியமாக அவர் அதைச் சொல்ல நினைக்கவில்லை. நாக்கு அதுவாகச் சொல்லிவிட்டது. காலையிலிருந்து அவர் வயிற்றில் ஒரு தம்ளர் சிரப்தான் இருந்தது.

“ஓகேண்ணே” என்று மகதலேனா அன்பாகச் சிரித்தாள். சாவியை எடுத்துத் தன் வீட்டைத் திறந்து உள்ளே போனாள். கதவு மூடியது. பிரியாணி வாசம் மட்டும் நடைபாதையில் கொஞ்ச நேரம் நின்றது.

சிவநேசன் அந்த மூடிய கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். இங்கே கூட்டம் எதுவும் இல்லை. கிரில்லுக்கு வெளியே ஒருத்தி, உள்ளே ஒருவர். வேறு யாராவது கொடுத்திருப்பார்கள் என்று அவள் நினைத்துப் போகவில்லை. கேட்டாள், பதில் வந்தது, நம்பினாள், போனாள். அந்தச் சிரிப்பில் ஒரு திருப்தி இருந்தது. சிவநேசன் அண்ணனின் குணம் அறிந்து நடந்துகொண்டோம் என்ற திருப்தி. அன்றைக்கு ஜெயராஜ், அண்ணன் வேணாம்னா வேணாம்தான் என்று சொன்னபோதும் குரலில் இதுதான் இருந்தது.

அவர் தப்பான கட்டத்தைப் போட்டுவிட்டார். யாரும் அவரை மறக்கவில்லை. எல்லோரும் அவரை நன்றாக ஞாபகம் வைத்திருந்தார்கள். அவர் சொல்லிக்கொடுத்ததை ஒரு எழுத்துப் பிசகாமல் கற்று, இன்றைக்குத் தேர்வில் எல்லோரும் தேறிவிட்டார்கள். மொத்தச் சொந்தத்திலும் அவர் பாடத்தைக் கடைசிவரை கற்றுக்கொள்ளாதவள் ஒருத்திதான் இருந்தாள். அவள் வேண்டாம் என்ற வார்த்தையைக் காதில் வாங்கிக்கொண்டு, போய்க் காப்பி கலந்து எடுத்து வருவாள்.

அந்தக் காப்பிகள் இப்போதுதான் அவருக்கு ஞாபகம் வந்தன. அவர் பக்கத்திலிருந்த குட்டி மேசையைப் பார்த்தார். மரத்தில் தம்ளர் வைத்து வைத்து வட்டமாக ஒரு தழும்பு விழுந்திருந்தது. தினமும் வேண்டாம் என்று சொல்லி, தினமும் குடித்திருக்கிறார். ஊருக்கெல்லாம் உண்மை பேசக் கற்றுக்கொடுத்தவர் தன் வீட்டில் தினமும் ஒரு பொய் சொல்லியிருக்கிறார். அவள் அதைப் பொய் என்று ஒரு நாளும் சொல்லிக் காட்டவில்லை. அவர் வாசலில் வந்து பசியோடு திரும்பிப் போகாதவர்கள் எல்லோரும் அவளால்தான் சாப்பிட்டிருக்கிறார்கள், அவர் உட்பட. இந்த மாதிரித் துக்க வீட்டுக்கு, வேண்டாம் என்று சொன்ன பிறகும் முறுக்கு டின்னைத் தூக்கிக்கொண்டு வருகிறவள் அவள் ஒருத்திதான். அவள்தான் இல்லை.

சிவநேசன் அழுதார். சாவுக்கு அழாதவர், கருமாதிக்கு அழாதவர், பிரியாணிக்கு வேண்டாம் சொல்லிவிட்டு உட்கார்ந்து அழுதார். கழுவி வைத்த தம்ளர்கள் கவிழ்த்தபடியே இருந்தன.

முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து லோகேஸ்வரிக்குப் போன் செய்தார். அவள் வீட்டில் டிவி சத்தமும் பிள்ளைகள் சத்தமும் பெரிதாகக் கேட்டன. அவராகப் போன் செய்வது வழக்கமில்லை என்பதால் அவள் முதலில் பயந்துவிட்டாள். ஒன்றுமில்லை, சும்மாதான் என்றார். பிள்ளைகளைப் பற்றிக் கேட்டார். ஜெயராஜுக்கு வேலையா, லீவா என்று கேட்டார். சொல்ல வந்ததை மட்டும் சொல்லவில்லை.

“சாப்பிட்டீங்களா மாமா?” என்றாள் லோகேஸ்வரி.

“சாப்பிட்டேம்மா.”

“சரி மாமா” என்றாள் அவள், நிம்மதியாக.

போனை வைத்துவிட்டார். அவள் நம்பிவிட்டாள். ஏன் நம்ப மாட்டாள்? சிவநேசன் மாமா பொய் சொல்ல மாட்டார் என்பது குடும்பத்துக்கே தெரிந்ததுதானே. கேரன் எழுந்து நின்று கேட்ட கேள்வி அவர் எதிரே வந்து நின்றது. அன்றைக்குச் சிரித்து மழுப்பிவிட்டார். இன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. இப்படியே விட்டால் அடுத்த தீபாவளிக்கும் அவள் ஒரே ஒரு தடவைதான் கேட்பாள். அதற்கடுத்த தீபாவளிக்கு அந்த ஒரு தடவையும் கேட்க மாட்டாள். இதற்குக் கட்டம் எதுவும் தேவைப்படவில்லை. அவருக்குப் பயமாக இருந்தது.

மறுபடியும் அதே நம்பரை அழுத்தினார்.

“சொல்லுங்க மாமா.”

“இப்ப கேட்டியே, சாப்பிட்டீங்களான்னு.”

“ஆமா மாமா.”

“இன்னொரு தடவ கேளு.”

டிவி சத்தம் மெல்லக் குறைந்தது. அவள் போனை எடுத்துக்கொண்டு வேறு அறைக்குப் போயிருக்க வேண்டும். கதவு சாத்தும் சத்தம் கேட்டது. அதன் பிறகு வந்த குரல் அச்சு அசலாக அவள் அக்காவின் குரல். இந்தத் தடவை சிவநேசன் போனைக் காதிலிருந்து நகர்த்தவில்லை.

“மாமா, சாப்பிட்டீங்களா?”

“இல்லம்மா.”

அவள் அழுகிறாளா, கோபப்படுகிறாளா என்று தெரியவில்லை. இரண்டும்தான் போலிருக்கிறது. “காலையிலயே ஒங்களுக்குன்னு டின்னுல போட்டு வெச்சேன் மாமா. இந்தா, மேச மேலயே இருக்கு. அவரு கார் சாவியக்கூட எடுத்துட்டாரு. நாந்தான் தடுத்தேன். மாமா வேணாம்னு சொல்லிட்டாங்க, நாம போய் நின்னா அவங்களுக்குப் பிடிக்காதுன்னு சொல்லித் தடுத்தேன்.” கொஞ்சம் நிறுத்தினாள். “அக்காவா இருந்தா கேக்காமலே வந்திருக்கும்.”

“ஆமாம்மா” என்றார் சிவநேசன்.

லோகேஸ்வரி உள்ளிருந்தபடியே கணவரைக் கூப்பிட்டாள். கிளம்புங்க என்றாள். சோறு கறி எதையெல்லாமோ தூக்கில் போடச் சொல்லி யாரிடமோ சொன்னாள். சிவநேசனுக்குச் சட்டென்று வெட்கமாகிவிட்டது. நல்ல நாளும் அதுவுமாக, வீடு நிறைய ஆட்கள் இருக்கும்போது, கிள்ளானிலிருந்து இவ்வளவு தூரம் அவர்களைக் கிளப்பிவிட்டோமே என்று கூசியது. பழகிய நாக்கு சும்மா இருக்குமா.

“வேணாம்மா, இந்த நேரத்துல எதுக்கு...”

“சும்மா இருங்க மாமா” என்று சொல்லி அவள் போனை வைத்துவிட்டாள்.

சிவநேசன் எழுந்துபோய் கிரில்லின் பூட்டைத் திறந்து வைத்தார். கவிழ்த்திருந்த தம்ளர்களை நிமிர்த்தினார். அவர்கள் வந்து சேர இன்னும் ஒரு மணி நேரமாவது ஆகும்.